அரை மணித்தியாலம், ஓர் எழுத்து

1996ஆம் ஆண்டு மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளுக்கும் இரண்டு நேரம் வந்தது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிய வருடம் அது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே மாதத்தில் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பிக் குறைத்தது. மிஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் வாவிக்குக் கிழக்கே, அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த எழுவான்கரையில், பிரதான வீதியும் கடைகளும் கந்தோர்களும் புதிய நேரத்தில் நடந்தன. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நாங்கள் பழைய நேரத்தில் இருந்தோம். எங்கள் ஊரில் அப்போது கரண்டே இல்லை. கரண்டை மிச்சம் பிடிக்க வந்த நேரம் எங்கள் வாழ்க்கையில் புகுந்து செய்த காரியம் வேறு.

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், போர் மூண்டதும் சுவிற்சர்லாந்துக்குப் போனவர். அவருடைய குரலைக் கேட்கப் பெரியம்மாவுக்கு இருந்த ஒரே வழி களுவாஞ்சிக்குடியில் இருந்த ஒரு கொமினிக்கேசன். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கடைகளைத் தெரியாது. ஒரு அறை, ஒரு ரெலிபோன், சுவரோரம் ஒரு வாங்கு, அதில் வரிசையாகத் தாய்மார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை முதலில் கடைக்கு எடுத்து, அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அம்மாவை வரச்சொல்லுங்கள் என்பான். அந்தச் செய்தி ஆள் மாறி ஆள் மாறி வாவியைக் கடந்து ஊருக்கு வரும். சொன்ன நாளில் தாய் போய்க் காத்திருப்பாள். பேசிய நிமிடங்களுக்கு, வந்த அழைப்புக்கும் சேர்த்துத்தான், கடைக்காரருக்குக் காசு.

நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த விஞ்ஞான ஆசிரியன். பெரியம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அம்பிளாந்துறைக்குப் போவேன். அங்கே பாதை ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. மனிதரும் மாடும் சைக்கிளும் நெல்மூட்டையும் அதில் ஒன்றாகப் போகும். அக்கரையில் குருக்கள்மடம். சோதனை முடிந்து வீதிக்கு ஏறி, செட்டிபாளையம், தேத்தாத்தீவு, களுதாவளை தாண்டிக் களுவாஞ்சிக்குடி. வழியில் எந்த இடத்திலும் தடை வரலாம். அதற்காகவே விடியற்காலையில் வெளிக்கிடுவோம்.

அப்படியும் ஒருமுறை அழைப்பைத் தவறவிட்டோம். பெரியம்மாவின் செய்தியில் பத்து மணி என்று இருந்தது. அவர் வீட்டு மணிக்கூட்டில் பத்துக்குக் கணக்கிட்டு வந்தார். கடை மணிக்கூட்டில் அது பத்தரை. அண்ணன் சொன்ன நேரத்துக்கு எடுத்து, தாய் இல்லை என்றதும் வைத்துவிட்டார். அடுத்தவர்களின் அழைப்புகளுக்கு லைன் வேண்டும். "சொன்ன நேரத்துக்கு வாறதுக்கென்ன?" என்று கடையில் இருந்தவர் பெரியம்மாவைக் கேட்டார். "நான் நேரத்துக்குத்தான் மனே வந்த" என்று பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. அவருடைய மணிக்கூடு சரியாக ஓடியது. கடையின் மணிக்கூடும் சரியாக ஓடியது. ரெலிபோன் கம்பியில் ஒரு பழுதும் இல்லை. இரண்டு கரைக்கும் நடுவில் அரை மணித்தியாலம் இருக்கிறது என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. குற்றம் மட்டும் அவர் தலையில் விழுந்தது.

அதே காலத்தில் எங்களுக்கு எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேர்ந்த குரல் ஒன்று உண்டு. அது லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசை. பழைய நேரப்படி இரவு ஒன்பதே கால், புதிய நேரப்படி ஒன்பதே முக்கால். சோதனைச் சாவடியில் பற்றரி கொண்டுவர விடமாட்டார்கள். இருக்கிற பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் உயிர் கொடுப்போம். அதுவும் செத்தால் சைக்கிள் டைனமோ. ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதிக்க, ஆறு வோல்ற் டைனமோவின் கரண்டு பழைய றேடியோவிலிருந்து கழற்றிய ஒரு டயோட் வழியாகப் போய் றேடியோவைப் பேசவைக்கும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் தாழும். உடனே இன்னொருவர் ஏறுவார். தென்னையிலிருந்து கொட்டில் வரைக்கும் செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருந்தோம். கம்பி மரத்தில் முட்டாமல் இருக்க உடைந்த சோடாப் போத்தலின் கழுத்து.

இதைச் சொல்வது அந்தக் காலம் நல்ல காலம் என்று நிறுவ அல்ல. அது நல்ல காலமே அல்ல. பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் அந்தச் செய்தியைச் சுற்றி இருந்தார்கள். ஆனால் ஒரு விசயம் உண்மை. றேடியோ கேட்காவிட்டால் எங்கே பழுது என்று தேட ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏரியலா, பற்றரியா, அலைவரிசை நகர்ந்துவிட்டதா? பத்து வயதுப் பையனும் ஒவ்வொன்றாகப் பார்ப்பான். எழுத்தறியாத அப்புவும் கம்பியைத் தொட்டுப் பார்த்து இரைச்சல் மாறுகிறதா என்று காது கொடுப்பார். கருவி எங்களுக்கு முன்னால் திறந்து கிடந்தது.

இப்போது படுவான்கரைக்குக் கரண்ட் வந்துவிட்டது. 2007க்குப் பிறகு ஒவ்வொரு ஊராக வந்தது. 2014இல் ஜப்பானின் நிதியுதவியில் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தார்கள். அம்பிளாந்துறையில் பாதை இன்னும் ஓடுகிறது, ஆனால் மட்டக்களப்புக்குப் போக அதை நம்பியிருக்கத் தேவையில்லை. கொமினிக்கேசன்கள் கைத்தொலைபேசி வந்ததும் மறைந்துபோயின. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. பெரியம்மாவின் வீட்டு விறாந்தை யன்னலில் சிம் போட்ட ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அண்ணனின் முகம் வாரத்தில் எத்தனை நாளும் வரும்.

போனில் வந்த முகம் பெரியம்மாவுக்குப் போதவில்லை. கண்ணில் வெண்புரை. கைக்குள் அடங்கும் திரையில் மகனா பேரனா என்று பிரித்தறிய முடியாது. அதனால் அண்ணன் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வந்தபோது தன் பழைய, பெரிய லப்டொப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஜேர்மன் மொழியில் இருந்த விண்டோஸை அழித்து ஆங்கிலத்தில் போட்டுத்தரச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் அதை ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது வைஃபையில் சேரவில்லை.

லப்டொப் இருந்த அறைக்கும் விறாந்தைக்கும் இடையில் ஒரு கல் சுவர். ரவுட்டரிலிருந்து கட்டில் வரை சில அடிகள். லண்டன் குரல் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த வீட்டில் இந்தச் சில அடிகளைத் தாண்ட முடியவில்லை. இதற்கு ஒரு இயற்பியல் விளக்கம் உண்டு, அதைத்தான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் கேட்ட சிற்றலையின் அலைநீளம் 31 மீற்றர் அளவு. நூற்றுக்கணக்கான கிலோவாட் வலுவில் அனுப்பியது, வானத்தில் அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து எங்கள் தென்னைக்கு இறங்கியது. வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் சொச்சம், 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. ரவுட்டரின் வலு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சுவரும் தண்ணீரும் இந்த அலையைத் தின்னும், ஐந்தை இன்னும் கூடுதலாகத் தின்னும். ஆகவே சுவரில் பழி போடுவது இலகு. ஆனால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டுபோய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தபோதும் அது சேரவில்லை. சுவர் குற்றவாளி இல்லை.

மறுபடி கடைக்குக் கொண்டுபோனார்கள். வைஃபை காட் பழுது, மாற்ற வேண்டும் என்று பதில். பேரப்பிள்ளைகள் இன்னொரு முடிவுக்கு வந்தார்கள்: அம்மம்மாவுக்கு அடிக்கத் தெரியவில்லை. "நான் தாளப் பாத்து சரியாத்தான் மனே அடிக்கிறன்" என்று பெரியம்மா என்னிடம் சொன்னபோது எனக்குக் களுவாஞ்சிக்குடி ஞாபகம் வந்தது. காட் வாங்கக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, றேடியோவுக்குப் பழுது பார்த்த முறையிலேயே தொடங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

பெரியம்மாவின் போனில் வைஃபை பிடித்தது, காணொளி ஓடியது. அப்படியானால் சிம்மும் டவரும் ரவுட்டரும் நல்ல நிலையில் இருக்கின்றன. தாளில் எழுதியிருந்த கடவுச்சொல்லும் சரி, அதே தாளைப் பார்த்துத்தான் போனிலும் அடித்திருந்தார்கள். லப்டொப்பின் பட்டியலில் ரவுட்டரின் பெயர் முழுப் பலத்தோடு தெரிந்தது. விமானப் பயன்முறை போடப்படவில்லை. காட்டுக்குக் காது கேட்கிறது. ரவுட்டரை நிறுத்திப் போட்டேன், லப்டொப்பையும் நிறுத்திப் போட்டேன், பழைய இணைப்பை மறக்கச்செய்து புதிதாகக் கேட்கவைத்தேன். பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை இந்த இடத்தில் தீர்ந்துவிடும். இங்கே தீரவில்லை.

பழைய லப்டொப் ஆகையால் அதில் கேபிள் செருகும் வாய் இருந்தது. ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டேன். இணைந்துவிட்டது என்று அடையாளம் காட்டியது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரித்து மறுத்தது. திரையின் மூலையில் திகதியைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதி. லப்டொப்பின் பெரிய பற்றரி எப்போதோ செத்துப்போனது. உள்ளே மணிக்கூட்டுக்கென்று இருக்கும் வட்டப் பற்றரியும் செத்துவிட்டது. வயரைக் கழற்றினால் நேரம் பின்னோக்கி விழும். வங்கியோ வீடியோ அழைப்போ, இன்றைய தளங்கள் எல்லாம் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டும். பல வருடம் பின்தங்கிய மணிக்கூட்டுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் நம்ப மறுக்கிறது. திகதியைத் திருத்தினேன், நேர வலயத்தையும் இலங்கைக்கு மாற்றினேன். பக்கங்கள் திறந்தன. அரை மணித்தியாலம் பெரியம்மாவுக்குச் செய்த வேலையை இந்த முறை பல வருடங்கள் செய்திருந்தன.

ஆனால் கேபிளைக் கழற்றியதும் பழைய கதை. வைஃபையில் சேரவில்லை. கடைக்காரர் சொன்ன காட் பழுதுக்கு இப்போதுதான் நேரான சோதனை வைக்க முடியும். என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டேன். அதன் கடவுச்சொல் வெறும் இலக்கங்கள். லப்டொப் உடனே சேர்ந்தது.

அங்கே நின்று யோசித்தேன். காட் நல்லது. ரவுட்டர் நல்லது. கடவுச்சொல் சரியானது. இலக்கக் கடவுச்சொல்லை ஏற்கிறது, எழுத்துக் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மிச்சமாக இருப்பது ஒன்றுதான்: விசைக்கும் திரைக்கும் இடையில் எழுத்து மாறுகிறது. பெரியம்மாவை அடிக்கச் சொல்லி, கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் வரும் கண் அடையாளத்தை அழுத்திப் பிடித்தேன். தாளில் பேத்தியின் பெயர், அதன் பின்னால் பிறந்த ஆண்டு. அந்தப் பெயரில் ஆங்கில 'வை' வரும். பெரியம்மா விரலால் தேடி, 'வை' என்று அச்சிட்ட விசையைத்தான் அழுத்தினார். திரையில் விழுந்தது 'இசட்'.

சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் விசைப்பலகையில் 'வை'யும் 'இசட்'டும் நம்மிடம் இருப்பதற்கு மாறான இடத்தில் இருக்கும். ஜேர்மன் மொழியில் 'இசட்' அடிக்கடி வரும், 'வை' அரிது. அதனால் 'இசட்'டை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணனின் லப்டொப்பில் விசைகள் சுவிஸ் முறையில் அச்சிட்டவை. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது விசைப்பலகை முறையை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டுவிட்டார்கள். விசையின் முகத்தில் ஒன்று, அதன் உள்ளே இன்னொன்று. கடவுச்சொல்லைப் புள்ளிகளாக மறைக்கும் பெட்டியில் இது யாருக்கும் தெரியாது. விரைவாக அடிக்கப் பழகிய பிள்ளைகள் விசையைப் பார்க்காமல் அடித்திருந்தால் சரியாக விழுந்திருக்கும். அவர்களோ போனிலேயே பழகியவர்கள், பெரியம்மாவைப் போலவே விசையைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

ரவுட்டர் ஏன் இதைச் சொல்லவில்லை என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 2004இலிருந்து வீடுகளில் பரவிய டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. லப்டொப்பும் ரவுட்டரும் தத்தம் பக்கத்தில் கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் கலந்து 4096 தடவை அரைத்து ஒரு திறவுகோலை உண்டாக்குகின்றன. அந்தத் திறவுகோல் இருப்பதை ஒருவருக்கொருவர் நிரூபிக்கின்றன. ஒட்டுக்கேட்பவனிடமிருந்து நம்மைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடு. அதன் விலை இது: எந்த எழுத்துப் பிழை என்று ரவுட்டருக்கே தெரியாது. பொருந்தவில்லை என்பது மட்டும் தெரியும். திரையில் வருவதும் இணைக்க முடியவில்லை என்ற ஒற்றை வரிதான். அதுவும் ஆங்கிலத்தில்.

அமைப்பில் போய் சுவிஸ் ஜேர்மன் முறையைச் சேர்த்தேன். பெரியம்மா மறுபடி அதே விசைகளை, அதே வேகத்தில், அதே கவனத்தோடு அடித்தார். சேர்ந்தது. "நான் சொன்னதான மனே" என்றார். ஆம், அவர் தொடக்கத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் நான் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் அது. இடையில் பாலம் வந்தது, கரண்ட் வந்தது, டவர் வந்தது. 2020, 21இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது சிக்னல் தேடி வயல்வரம்பில் உட்கார்ந்த என் மாணவர்களுக்கு இவை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்டை நிறுத்தியபோது ரவுட்டர்கள் எல்லாம் இருண்டு, ஊர் மறுபடி துண்டுபட்டதையும் பார்த்தேன். வசதி வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: இரண்டு முனைகள் வேறுவேறு அளவில் இருக்கும்போது, அதை அமைத்தவரை யாரும் கேட்பதில்லை. வாங்கில் காத்திருந்த தாயைக் கேட்கிறார்கள், தாளைப் பார்த்து அடித்த கிழவியைக் கேட்கிறார்கள். எழுத்தறிவு குறைந்தவர், வயது போனவர், ஆங்கிலம் தெரியாதவர் சொல்லும் சாட்சியம் செல்லாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பழுது பார்ப்பதில் இதைவிடப் பெரிய தடை வேறில்லை. அவருடைய வார்த்தையை உண்மை என்று எடுத்துக்கொண்டு தேடியிருந்தால் முதல் நாளே பேத்தியே கண்டுபிடித்திருப்பாள்.

பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம் தமிழில்தான் நடக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு இணைப்பு அறுந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் பிள்ளைகள் பரீட்சைக்கு வெளியே பழகுவதில்லை. என் வகுப்பில் இப்போது அதைச் செய்யவைக்கிறேன். ஒருவர் வேண்டுமென்றே எதையாவது மாற்றிவிடுவார். மற்றவர்கள் கேட்டு, பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். டைனமோ காலத்தில் ஊரே வைத்திருந்த திறமை இது. மறுபடி பழக அதிக நாள் பிடிக்காது.

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு லப்டொப் கொண்டுவருகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். சுவிஸ், ஜேர்மனி லப்டொப் என்றால் 'வை'யும் 'இசட்'டும் மாறி நிற்கும். பிரான்ஸிலிருந்து வருவதில் 'ஏ'யும் 'கியூ'வும் மாறும், 'டபிள்யூ'வும் 'இசட்'டும் மாறும், 'எம்' வேறு இடத்தில் இருக்கும், இலக்கம் அடிக்க 'ஷிப்ட்'டையும் சேர்த்து அழுத்த வேண்டும். விண்டோஸை மாற்றினால் விசைப்பலகை முறையையும் விசையில் அச்சிட்டபடி அமைத்துவிட்டுக் கொடுங்கள். வீட்டு வைஃபைக் கடவுச்சொல்லை இந்த எழுத்துகள் வராதபடி நீளமாக வைத்து, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் வட்டப் பற்றரியை மாற்றுங்கள், அதன் விலை பெரிதல்ல. ஊரில் இருக்கிற பிள்ளைகளே, அம்மம்மா சரியாக அடித்தேன் என்று சொன்னால் முதலில் அந்தக் கண் அடையாளத்தை அழுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் சேராவிட்டால் கடைக்குப் போங்கள்.